சக்கரத்துக்கு அப்பால் நடக்கும் கைவேலை

புதுச்சேரி, ஆரோவில் பக்கத்து மண்பாண்டப் பட்டறைகளைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் சக்கரத்தில்தான் தொடங்கும். ஈரக் கைகள், சுழலும் மண், எழும்பி வரும் கிண்ணம். படம் பிடிக்க வசதியான காட்சி அது. வாங்குகிறவரும் அதற்குத்தான் பணம் தருகிறார். கோப்பையின் உடம்பில் விரல் தடம் தெரிந்தால் கொஞ்சம் கூடுதலாகவே தருவார். ஆனால் கை தேறிய ஒருவர் ஒரு கோப்பையைச் சில நிமிடங்களில் வனைந்துவிடுவார். அது அன்றாடம் புழங்கத் தக்கதா, அலமாரியில் வைத்துப் பார்க்க மட்டும்தானா என்பது அதற்குப் பிறகு, தராசின் முன்னும் சூளையின் முன்னும் முடிவாகிறது. சிறு பட்டறைகளின் மதிப்பையும் குறையையும் நான் அங்கேதான் தேடுவேன்.

தமிழ்நாட்டுக்கு மண்பாண்டம் புதிதில்லை. கண்ணாடிப் பூச்சுதான் புதிது. கீழடியில் கிடைத்த கருப்பு-சிவப்புக் கலங்களின் வழவழப்பு தேய்த்து வந்தது, உருகிய பூச்சால் வந்ததல்ல. பூச்சிட்ட கலங்கள் இங்கே கடல் வழியாக, வணிகப் பொருளாக வந்தன. பெரியபட்டினம் அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவற்றைச் செய்யும் வித்தையை நம் குயவர்கள் பெரும்பாலும் கைக்கொள்ளவில்லை. 1971இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். உயர்சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் கலங்கள் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது அதன் பிறகுதான். இன்று இங்கே இயங்கும் பட்டறைகள் பலவற்றின் குரு பரம்பரை அந்த வாசலுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே இந்தப் பட்டறைகளை ஊர்க் குயவரின் தொடர்ச்சி என்று விற்பனைச் சீட்டில் எழுதுவது சரியல்ல. இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஊர்ச் சூளையின் சூடு பெரும்பாலும் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதில் வெந்த மண்ணில் நுண்துளைகள் மிச்சமிருக்கும். அந்தத் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. சொரசொரப்பான, இடைவெளியுள்ள உடம்பு என்பதால்தான் மீன்குழம்புச் சட்டி நேரடி நெருப்பைத் தாங்குகிறது. ஸ்டோன்வேர் 1200 முதல் 1300 டிகிரி வரை வேகும்போது அந்தத் துளைகள் இறுகி மூடிக்கொள்ளும். நீர் கசியாது, எண்ணெய் ஊறாது, போன மாதக் கருவாட்டு வாசம் தங்காது. ஆனால் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும், தண்ணீரையும் குளிர்விக்காது. ஸ்டோன்வேர் ஜாடியின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும் சட்டி செய்யும் வேலையை அந்த ஜாடியால் செய்ய முடியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஊறுகாயும் தயிரும் வைக்க ஸ்டோன்வேரைப் போல வேறில்லை. 'மண்ணுக்குத் திரும்புவோம்' என்ற ஒரே முழக்கத்தில் இரண்டையும் அடைப்பதுதான் உறுத்துகிறது.

இனி பூச்சு. பட்டறைக்காரர்கள் கிளேஸ் என்பார்கள். அடிப்படையில் அது கலத்தின் மேல் உருகி ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி. கண்ணாடியாவது சிலிக்கா, ஆனால் அது தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்தச் சிறு சூளைக்கும் அது எட்டாது. ஃபெல்ட்ஸ்பாரில் உள்ள சோடாவும் பொட்டாஷும், சுண்ணாம்புப் பொடியும் சேர்ந்தால் அந்தச் சூடு இறங்குகிறது. உருகியது வழிந்து சூளைத் தட்டில் ஒட்டாமல் பிடித்து வைப்பது சீனக் களிமண்ணில் உள்ள அலுமினா. இங்கிலாந்துக் குயவர் பெர்னார்டு லீச்சின் பெயரால் வழங்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஃபெல்ட்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணாம்பு 20, சீனக் களிமண் 10. இதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பு ஆக்சைடு சேர்த்து, காற்றைக் குறைத்துச் சுட்டால் சாம்பல் கலந்த இளம்பச்சை. எட்டுப் பத்துப் பங்கு சேர்த்தால் டென்மோகு என்ற கருப்பு, விளிம்பில் துருச் சிவப்பு. தீ தனக்குப் போதாத ஆக்சிஜனைப் பூச்சில் உள்ள இரும்பிடமிருந்து பறிப்பதால் வரும் நிறங்கள் இவை.

ஏட்டில் எளிது. நடைமுறையில் ஃபெல்ட்ஸ்பார் மூட்டையில் வருகிறது. சுரங்கம் மாறினால் மூட்டையின் குணமும் மாறும். இங்கிலாந்தில் கண்ணாடியாய் நின்ற கணக்கு இங்கே சொட்டுச் சொட்டாய் வழியலாம், அல்லது உருகாமல் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி நிற்கலாம். எனவே நேர்மையான பட்டறை ஒவ்வொரு பொருளையும் சிறு ஓட்டுத் துண்டுகளில், அளவைப் படிப்படியாக மாற்றி, எண் போட்டுச் சுட்டுப் பார்க்கும். நூறு துண்டில் தொண்ணூறு குப்பைக்குப் போகும். அலுப்பான, யாரும் பாராட்டாத வேலை. என் கண்ணுக்குச் சிறு பட்டறையின் உண்மையான கைவேலை இதுதான். தொழிற்சாலை ஒரே வெள்ளையை லட்சம் தட்டுகளில் பிசகாமல் கொண்டுவரப் பார்க்கிறது. பட்டறையால் மட்டுமே ஒரு வட்டாரத்துச் சவுக்குச் சாம்பலையோ செம்மண்ணையோ பூச்சில் கலந்து அதன் போக்கை ஆண்டுக்கணக்கில் கவனிக்க முடியும்.

முடியும் என்கிறேன், எல்லோரும் செய்வதில்லை. நகரத்து அடுக்ககங்களில் மின்சூளை வைத்து நடக்கும் பட்டறைகள் பலவற்றில் பூச்சு டப்பாவில் ஆயத்தமாக வருகிறது. அதனால்தான் சென்னையிலும் பெங்களூரிலும் வேறு வேறு ஆட்கள் கையால் வனைந்த கோப்பைகள் ஒரே புள்ளிபோட்ட நீலத்தில் நிற்கின்றன. கை வேறு, தோல் ஒன்று. ஆனாலும் டப்பாவை ஒரேயடியாக இகழ என்னால் முடியவில்லை. நல்ல நிறுவனத்தின் டப்பாப் பூச்சு, சொன்ன சூட்டில் சுடப்பட்டால், சோதிக்கப்பட்டது. வீட்டில் கலந்தது பெரும்பாலும் அப்படியில்லை.

நம் சமையலுக்கு இது சின்ன விஷயமில்லை. புளிக்குழம்பு, ரசம், எலுமிச்சை ஊறுகாய், மோர் என்று நம் தட்டில் புளிப்பு ஓய்வதே இல்லை. சரியாக உருகாத பூச்சிலிருந்து புளிப்பு உலோகத்தைக் கரைத்து எடுக்கும். செம்பு அதிகமாகச் சேர்த்த பளபளப்பற்ற பச்சைகளில் இந்த ஆபத்து கூடுதல். சில அழகான மங்கல் நீலங்களுக்குப் பேரியம் கார்பனேட் சேர்ப்பார்கள். எலி மருந்தாகப் புழங்கிய பொருள் அது. குறைந்த சூட்டுப் பூச்சுகளில் ஈயம் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுக்கப் பூச்சின் மேல் வைத்து, காலையில் நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது மிக மேலோட்டமான சோதனை. வெளுக்காவிட்டால் பத்திரம் என்று ஆகாது, வெளுத்தால் அதில் சாப்பிடக் கூடாது என்பது உறுதி. அதைக்கூடச் செய்யாமல் 'உணவுக்கு உகந்தது' என்று சீட்டு ஒட்டுவதைக் கலைஞனின் சுதந்திரம் என்று விட்டுவிட முடியாது.

இன்னொரு பழக்கம், குறையை அழகாக்குவது. ஆறும்போது கலத்தைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்கினால் மேற்பரப்பில் வலைபோல் மயிரிழை வெடிப்பு விழும். சோங் காலத்துச் சீனர்கள் அதை வேண்டுமென்றே வரவழைத்து ரசித்தார்கள். கணக்குத் தெரிந்து செய்தார்கள். இங்கே எதிர்பாராமல் வந்த வெடிப்புக்கும் ஜப்பானிய அழகியலின் பெயர் சூட்டப்படுகிறது. பூக்குடுவையில் அதை நானும் ரசிப்பேன். தயிர்க் கிண்ணத்தில் அது அழுக்கு தங்கும் இடம். கலத்தின் வலுவையும் குறைக்கும். சிலிக்காவைக் கொஞ்சம் ஏற்றி சோடாவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூடி பொருந்தாத ஜாடிக்கும், மூக்கில் சொட்டும் தேநீர்க் கெண்டிக்கும் 'தீயின் விருப்பம்' என்று சொல்வது இதே வகைச் சாக்கு. களிமண் காய்ந்து வேகும்போது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்கும் என்பது பயிற்சியின் தொடக்கப் பாடம். மூடி அந்தக் கணக்கோடு வனையப்பட வேண்டியது.

சூளையின் பசியையும் சொல்லியாக வேண்டும். விறகோ எரிவாயுவோ மின்சாரமோ, 1300 டிகிரி மலிவாகக் கிடைப்பதில்லை. இயற்கையோடு இயைந்த தொழில் என்ற பேச்சு இங்கே இடறுகிறது. இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டவர் ரே மீக்கர். 1980களில், ஈரானில் கட்டடக் கலைஞர் நாதர் கலீலி செய்து பார்த்ததை ஒட்டி, பச்சை மண் செங்கல்லால் வீட்டைக் கட்டி வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். உள்ளே செங்கல்லும் மண்பொருள்களும் அடுக்கினார். வீட்டைச் சுடும் எரிபொருளின் செலவில் ஒரு பங்கை அந்தச் சரக்கு ஏற்க வேண்டும் என்பது கணக்கு. மலிவு வீட்டு முறையாக அது பரவவில்லை. ஆனாலும், எரித்த விறகுக்குக் கணக்குக் கேட்ட அந்த மனப்பாங்கு இன்றைய பட்டறைகளின் விளம்பர வாசகங்களில் அரிது.

விலையைப் பற்றிய முணுமுணுப்பு எனக்கு ஏற்பில்லை. இருமுறை சூடு, உடைந்தவை, வீணான சோதனைகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு குவளைக்குச் சில நூறு ரூபாய் நியாயமே. கேட்க வேண்டியது, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பது. பட்டறையில் மண் பிசைபவரும், சில இடங்களில் வனைபவரும்கூட, கூலி ஆட்கள். கலத்தின் அடியில் விழும் முத்திரை முதலாளியுடையது. காய்ந்த மண்ணையும் பூச்சுப் பொடியையும் விளக்குமாற்றால் பெருக்குபவரும் அந்தக் கூலி ஆள்தான். அதில் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும்; மருந்தால் மாறாத நோய். ஈரத் துணியால் துடைப்பது, பொடி கலக்கும்போது தூசு வடிகட்டும் முகமூடி தருவது என்று தடுக்கும் வழிகள் அதிகச் செலவில்லாதவை. அடுத்த முறை பட்டறைக்குப் போகிறவர்கள் அலமாரிக்குப் பக்கத்தில் எண் போட்ட சோதனைத் துண்டுகளும் கணக்கு நோட்டும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அப்படியே தரை ஈரமாகத் துடைக்கப்பட்டிருக்கிறதா என்றும்.