பழைய நாஸும் வயதான இரண்டு டிஸ்குகளும்

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லா இலவச இடத்தை நிறுத்திக்கொண்டது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியதும், மாதச் சந்தா கட்டுவதா, வீட்டிலேயே நாஸ் எனப்படும் ஒரு சேமிப்புப் பெட்டி வைத்துக்கொள்வதா என்ற கேள்வியும் எழுந்தது. புது நாஸ் பெட்டியும் இரண்டு புது ஹார்ட் டிஸ்கும் வாங்கினால் முப்பதாயிரம் ரூபாயை எளிதாகத் தாண்டிவிடும். அதனால் ஆன்லைனிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பலர் தேடுவது பழைய பெட்டியைத்தான். அலுவலகங்கள் கழித்த நாஸ், பெரும்பாலும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிஸ்குகளோடு சேர்த்தே விலைக்கு வருகிறது.

இந்தப் பழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதில் ஒரு தவறான வழக்கமும் வேரூன்றிவிட்டது. வயதான இரண்டு டிஸ்குகளையும், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும் ரெய்டு 1 முறையில் இணைத்து, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்ற தைரியத்தில் குடும்பத்துப் படங்களின் ஒரே பிரதியை அதில் வைக்கிறார்கள். என் மறுப்பு அந்த வழக்கத்தைப் பற்றியதுதான்.

பெட்டியின் மீது எனக்கு மதிப்பு அதிகம். பத்து வயதான நாஸிலும் கிகாபிட் போர்ட் இருக்கும். படிக்கும்போது நொடிக்கு 100 எம்பியை ஒட்டி ஓடும். டிவியில் படம் பார்ப்பதற்கும், நான்கு போன்களின் படங்கள் இரவில் வந்து சேர்வதற்கும் அது தாராளம். இரண்டு டிஸ்கும் சுழலும்போது சுமார் 20 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டு இருமாதக் கணக்கில் 29 யூனிட்தான் வரும். பழைய மேசைக் கணினியை இரவும் பகலும் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய சிக்கனம்.

பெட்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் 12 வோல்ட் அடாப்டரை. ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 2 ஆம்பியர் வரை கேட்கும். அடாப்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் தளர்ந்திருந்தால், இரண்டு டிஸ்கும் சேர்ந்து எழும்போது மின்னழுத்தம் சரிந்து பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகும். டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்து அதற்குச் செலவழிப்பவர்கள் உண்டு. அடாப்டரை மாற்றினாலே தீர்ந்திருக்கும். மாடல் எண்ணையும் விசாரிக்க வேண்டும். இன்டெல் ஆட்டம் சி2000 வரிசைச் சிப்புகளின் ஆரம்பகாலத் தயாரிப்பில் கடிகாரச் சிக்னல் நின்றுபோகும் குறை இருப்பது 2017-இல் வெளியானது. சினாலஜியின் டிஎஸ்415+, டிஎஸ்1815+ போன்ற பெட்டிகளில் இருப்பது அந்த வரிசைதான். நேற்றுவரை ஓடிய பெட்டி இன்று எழாமல் போகலாம்.

பெட்டி செத்தால் நஷ்டம் பெட்டியின் விலையோடு முடியும். டிஸ்க் செத்தால் அப்படியல்ல. ஆகவே டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். 9-ஆம் எண் ஓடிய மணிகளைக் காட்டும்: 43,800 என்றிருந்தால் ஐந்து ஆண்டுகள் நிற்காமல் சுழன்றிருக்கிறது. 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டர்களின் கணக்கு. அது சுழியமாக இருப்பதைப் பார்த்ததும் பலர் நிம்மதி அடைந்து பட்டியலை மூடிவிடுகிறார்கள். கொஞ்சம் கீழே 197-ஆம் எண்ணில் 8 என்று இருக்கலாம். படிக்க முடியாமல், மாற்றவும் படாமல், தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் அவை. பல டிஸ்குகளில் இந்தக் கணக்கு எட்டு எட்டாக ஏறும். 4 கேபி அளவுள்ள ஓர் இடம் கெட்டால் 512 பைட் கணக்கில் அது எட்டு. அதாவது தட்டில் ஓரிடம் ஏற்கெனவே பேச மறுத்துவிட்டது. அதே பட்டியலில் 199 ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் காரணம்.

பட்டியல் சுத்தமாக இருந்தாலும் அது உத்தரவாதம் ஆகாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதான டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் எந்த ஸ்மார்ட் அறிகுறியும் காட்டாமலே போயின. மறுபுறம், முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆக, கெட்ட செய்தியை நம்பலாம், நல்ல செய்தியை அந்த அளவுக்கு நம்ப முடியாது. அதே ஆய்வில், மூன்று வயதைத் தாண்டிய டிஸ்குகளுக்கு மட்டும் அதிக வெப்பம் தெளிவாகக் கெடுதல் செய்தது. மே மாதத்தில் மூடிய அலமாரிக்குள் பழைய நாஸை வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓடிய மணிக் கணக்கையே திருத்தி விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில், நீண்ட காலம் ஓடிய சீகேட் டிஸ்குகள் ஸ்மார்ட் கணக்கு சுழியமாக்கப்பட்டுப் புதியவை என்ற பெயரில் சந்தைக்கு வந்தது ஜெர்மனியில் அம்பலமானது. ஃபார்ம் என்ற உள்பதிவு காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்சிடிஎல் கருவியின் 7.4 பதிப்பிலிருந்து அதை நாமே படிக்கலாம்.

இப்போது ரெய்டுக்கு வருவோம். 1988-இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் மலிவு டிஸ்குகளைச் சேர்த்துப் பெரிய, நம்பகமான சேமிப்பை உருவாக்கலாம் என்று காட்டினார்கள். ஒரு டிஸ்கின் பழுதுக்கும் இன்னொன்றின் பழுதுக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தில்தான் அவர்களுடைய கணக்கு நிற்கிறது. அலுவலகம் கழித்த பெட்டியில் அந்த அனுமானமே உடைகிறது. இரண்டு டிஸ்கும் ஒரே நாளில் வாங்கியவை, பெரும்பாலும் ஒரே பேட்ச். ஒரே சூட்டில், ஒரே கரண்ட் கட்டுகளுக்கு நடுவே, ஒரே அளவு மணிகள் ஓடியவை. ஒன்று விழுந்த நாளில் மற்றதும் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அதன் தலையில் மிகப் பெரிய வேலை விழுகிறது: புது டிஸ்குக்காக 4 டிபியையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படிக்க வேண்டும். நொடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத இடங்களின் கேடு அப்போதுதான் வெளியே வரும்.

அதோடு, ரெய்டு 1 எல்லாவற்றையும் அதே நொடியில் நகலெடுக்கிறது. குழந்தை ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். ரான்சம்வேர் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். ஒரு டிஸ்க் போனாலும் சேவை நிற்காது என்பது ரெய்டின் உண்மையான பலம். வங்கிக்கு அது உயிர்நாடி. ஒரு குடும்பம் தன் ஆல்பத்துக்காக இரண்டு நாள் காத்திருக்க முடியும்.

அதனால் இரண்டு டிஸ்குகளையும் பிரித்தே வைக்கச் சொல்வேன். ஒன்று தினசரி வேலைக்கு. மற்றது வாரம் ஒருமுறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் பிரதி எடுத்துக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் யுஎஸ்பி பெட்டியில் கழற்றிய நிலையில், முடிந்தால் வேறு வீட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் புகுந்த தரைத்தளங்களில், ஒரே மேசையில் இரண்டு பிரதி இருந்தும் பலனில்லை. இந்த முறைக்கும் குறை உண்டு: வெள்ளிக்கிழமை டிஸ்க் போனால் அந்த வாரத்துப் படங்கள் போகும். அவை போனில் இன்னும் இருக்கும் என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய குறை மறதி. ரெய்டு யாரையும் நம்பியிருப்பதில்லை. இதற்கு வீட்டில் ஒருவர் ஞாயிறுதோறும் டிஸ்கைச் செருக வேண்டும். அந்த ஒருவர் இல்லாத வீட்டில், கழித்த டிஸ்கை முதல் பிரதிக்கு வைக்கவே கூடாது. அங்கே புது டிஸ்கோ மாதச் சந்தாவோதான் சரி.

வெளியிலிருந்து பார்க்கும் வசதியைப் பழைய பெட்டியில் கட்டாயம் அணைத்து வைக்க வேண்டும். 2015-லேயே அப்டேட் நிறுத்தப்பட்ட மை புக் லைவ் என்ற நாஸ் பெட்டிகள் 2021 ஜூனில் இணையம் வழியே துடைத்தெடுக்கப்பட்டன. பல பயனர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

வாங்கியதும் முதல் வேலை பேட்பிளாக்ஸ் என்ற கருவியின் எழுத்துச் சோதனை. நான்கு விதப் பதிவுகளை முழுப் பரப்பிலும் எழுதிப் படித்துப் பார்க்க 4 டிபி டிஸ்குக்கு இரண்டரை நாள் பிடிக்கும். வயதான டிஸ்கை இப்படி வதைக்கலாமா என்பார்கள். இந்தச் சோதனையைத் தாங்காத டிஸ்க், நம் படங்கள் ஏறுவதற்கு முன்பே போவது நல்லது. முந்தைய உரிமையாளரின் சம்பளப் பட்டியலும் குடும்பப் படங்களும் இதோடு அழிந்துவிடும். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

பிறகு பெட்டியில் சில ஆல்பங்களை ஏற்றி, பிரதியும் எடுத்து, பெட்டியை அணைத்துவிட்டு, பிரதி டிஸ்கை மட்டும் வேறொரு லேப்டாப்பில் செருகிப் பார்க்க வேண்டும். லினக்ஸ் இருந்தால் பெரும்பாலான நாஸ் டிஸ்குகள் திறக்கும். சினாலஜி போன்றவற்றுக்கு எம்டிஆட்மின் என்ற லினக்ஸ் கருவி தேவைப்படும். நான்கைந்து படங்களும் ஒரு நீளமான வீடியோவும் அங்கே தடையில்லாமல் ஓடிய பிறகே போன்களிலிருந்து எதையும் அழிக்கத் தொடங்கலாம்.