இயந்திரமும் மனிதச் செயலும்: லூசி சச்மனின் ஆய்வு பற்றிய ஒரு மதிப்பீடு

கணினி முதலான கருவிகளோடு மனிதன் தொடர்புகொள்ளும் தளம் இடைமுகம் எனப்படும். விசைகளும் திரையும் திரையில் தோன்றும் குறிகளும் அதனுள் அடங்கும். பொறியியலாளர் இதனைப் பெரும்பாலும் எளிமை, வசதி என்னும் அளவுகோல்களாலேயே அளந்து வந்துள்ளனர். கருவியைக் கையாள இயலாதவர் பயிற்சியற்றவர் என்ற முடிவு அவ்வளவுகோல்களுள் மறைந்து கிடக்கின்றது. அம்முடிவை அடிப்படையிலேயே கேள்விக்குள்ளாக்கிய நூல், லூசி சச்மன் 1987 இல் வெளியிட்ட 'திட்டங்களும் சூழல்சார் செயல்களும்' ஆகும். அதன் சிறப்போடு எல்லையையும் ஒருங்கே நோக்குதல் இன்று அவசியமாகின்றது.

மானிடவியல் பயின்ற சச்மன், கலிபோர்ணியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்திற் பணியாற்றியவர். அவர் ஆராய்ந்தது நிழற்பிரதி இயந்திரம் ஒன்றினை. அதனோடு இணைந்த உதவி அமைப்பு, பயன்படுத்துவோரின் நோக்கத்தை ஊகித்து, அறிவுறுத்தல்களைப் படிப்படியாகத் திரையிற் காட்டும். அவ்வியந்திரத்தை முதன்முறையாகக் கையாள்வோரை இருவர் இருவராக ஈடுபடுத்தி, அவர்தம் செயலையும் உரையாடலையும் சச்மன் வீடியோவிற் பதிவுசெய்தார். இருவர் கூடிச் செய்தமையால் அவர்களது எண்ணம் பேச்சாக வெளிப்பட்டது. ஆயின் அவர்கள் ஐயுற்றதோ விவாதித்ததோ இயந்திரத்துக்குப் புலப்படவில்லை. பொத்தானை அழுத்துதல், மூடியைத் திறத்தல் போன்று அதன் நிலையை மாற்றும் செயல்களே அதற்குத் தெரிந்தன. ஆதலால், தவறான வழியிற் சென்றோரையும் சரியாகச் செல்வோராக அது கருதிய சந்தர்ப்பங்கள் உண்டு.

இதிலிருந்து சச்மன் பெற்ற முடிபு ஆழமானது. மனிதர் முன்கூட்டி வகுத்த திட்டத்தை வரிக்கு வரி நிறைவேற்றுவோரல்லர். திட்டம் செயலுக்கு ஒரு துணை மாத்திரமே. செயலின் போக்கை அவ்வக்கணத்துச் சூழலே உருவாக்குகின்றது. எனவே, தடுமாற்றத்துக்குப் பயன்படுத்துவோரின் அறியாமையே காரணம் என்னும் வாதம் வலுவிழக்கின்றது.

எனினும், நூலின் பார்வை இயந்திரத்தின் முன் நிற்கும் இருவரோடு பெரிதும் அமைந்துவிடுகின்றது. இயந்திரத்தைத் தெரிவு செய்தவர் யார், அதனால் எவரது தொழில் மாறிற்று என்ற வினாக்கள் அங்கு மையம் பெறவில்லை. 2007 இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பிலே, மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான எல்லை வகுக்கப்படும் முறையை அவர் மீளவும் ஆராய்ந்தமை குறிப்பிடத்தக்கது.

விடுபட்ட அவ்வினாக்களை நடைமுறையில் முன்னரே எழுப்பியோர் ஸ்கந்திநேவிய நாடுகளின் அச்சுத் தொழிலாளராவர். 1981 முதல் 1985 வரை நடைபெற்ற யூற்றோப்பியாத் திட்டத்தில், அவர்தம் தொழிற்சங்கமும் சுவீடன், டென்மார்க் ஆய்வாளரும் இணைந்து, பத்திரிகைப் பக்க அமைப்புக்கான கணினிக் கருவிகளை வடிவமைக்க முனைந்தனர். அட்டையாலும் மரப்பலகையாலும் மாதிரிகள் செய்து, அவற்றின் முன் நின்று தொழிலாளர் தமது வேலையைச் செய்து காட்டினர். ஒரு வெறும் அட்டைப்பெட்டி அச்சுப்பொறியாக நின்றது. தொழிலாளரின் கையறிவு வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இடம்பெற்றமை இதன் சாதனையாகும். அத்திட்டம் சந்தையின் போக்கை மாற்றிவிட்டதென்று கூறுவதற்கில்லை. ஆயினும் வேறொரு வழி சாத்தியமென்பதை அது நிறுவிற்று.

சச்மன் கண்ட சமமின்மை இன்று வேறு வடிவம் பெற்றுள்ளது. அன்று இயந்திரம் மனிதரை அரிதாகவே கண்டது. இன்றோ, கைத்தொலைபேசிச் செயலி மூலம் வேலைபெறும் வாடகை ஊர்தி ஓட்டுநரின் இடத்தையும் வேகத்தையும் செயலி இடையறாது காண்கின்றது. வேலை பங்கிடப்படும் முறையை ஓட்டுநர் காண்பதில்லை. அவர் முன்னுள்ளவை ஏற்றல், மறுத்தல் என்னும் இரு தெரிவுகளே. எளிமை என்னும் அளவுகோலின்படி இது சிறந்த இடைமுகம். பேரம் பேசுவதற்கு அங்கு ஒரு பொத்தானும் இல்லை.

ஆகவே, இடைமுகம் பற்றிய விமர்சனம் இரு வினாக்களை ஒருசேர எழுப்புதல் வேண்டும்: இயந்திரம் எதனைக் காண்கின்றது? அது எதனைக் காணவேண்டும் என்று தீர்மானிப்போர் யாவர்? முதலாவதைச் சச்மனிடமும், இரண்டாவதை அச்சுத் தொழிலாளரிடமும் நாம் கற்கலாம்.