விருந்தினரும் குடியிருப்பாளரும்: பால் ஸ்காட்டின் ‘ஸ்டேயிங் ஆன்’ புதினத்தில் உள்ளூரார் பார்வை

முன்னுரை

பிறநாட்டார் இந்தியாவில் வந்து தங்குவதைப் பற்றிய இலக்கியங்கள் பெரும்பாலும் வந்தவர் பார்வையிலேயே எழுதப்பட்டுள்ளன. வந்தவர் கண்ட நாடு எப்படிப்பட்டது என்னும் வினா பலமுறை எழுப்பப்பட்டுள்ளது. வந்தவரை நாட்டார் எவ்வாறு கண்டனர் என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. பணிநிறைவு பெற்ற பின் வேற்று நாட்டிலேயே முதுமையைக் கழிக்க முடிவு செய்தோரைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது வினா இன்றியமையாததாகிறது. அவர்கள் பயணிகள் அல்லர், ஆட்சியாளரும் அல்லர். அயலவர் வீட்டில் வாடகை தந்து, அயலவர் உழைப்பைக் கூலிக்குப் பெற்று, அயல் மண்ணிலேயே அடக்கமாகப் போகிறவர்கள். இத்தகைய இணையர் ஒருவரை மையமாகக் கொண்டது பால் ஸ்காட் எழுதி 1977இல் வெளிவந்து, அவ்வாண்டே புக்கர் பரிசு பெற்ற ‘ஸ்டேயிங் ஆன்’ என்னும் ஆங்கிலப் புதினம். இப்புதினத்தில் உள்ளூரார் பார்வை எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒப்புநோக்கிற்காக, டெபோரா மோகாக்கின் ‘தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்’ (2004) புதினமும் அதன் திரைவடிவமான ‘தி பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்டு ஹோட்டல்’ (2011) படமும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

விருந்து என்னும் கருத்தாக்கம்

அயலவர் வருகையைப் பேசும் படைப்புகளை விருந்தோம்பல் என்னும் அளவுகோலால் அளப்பது தமிழ் ஒப்பாய்வில் எளிதில் நேர்வது. அயலவரை இன்முகத்துடன் ஏற்றவர் பண்பாடு மிக்கவர். ஏற்காதவர் அது குன்றியவர் என்று முடிவு கூறிவிடலாம். ஆனால் விருந்து என்னும் சொல்லே இம்முடிவிற்கு இடந்தருவதாக இல்லை. அச்சொல்லின் அடிப்படைப் பொருள் புதுமை என்பதாகும். தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தினைக் கூறுவதும் புதிதாகப் புனையப்படும் யாப்பைக் குறித்தேயாகும். திருக்குறளின் 9ஆம் அதிகாரமாகிய விருந்தோம்பலில் 86ஆம் குறள், விடைபெறும் விருந்தினரைப் போற்றி அனுப்பிவிட்டு வரவிருக்கும் விருந்தினரை எதிர்நோக்கி நிற்பவனைச் சிறப்பிக்கிறது. விருந்தினர் புதியவர், ஒருநாள் விடைபெற்றுச் செல்பவர் என்பது இங்கு அடிப்படையாக அமைந்துள்ளது.

செல்லாமல் தங்கிவிடும் அயலவர் பழந்தமிழ் இலக்கியத்திற்குப் புதியவர் அல்லர். பட்டினப்பாலை பல மொழி பேசுவோர் கலந்து வாழும் துறைமுகத்தைக் காட்டுகிறது. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் யவனர் குடியிருப்புகளைச் சுட்டுகிறது. முல்லைப்பாட்டில் யவனர் அரசனின் பாசறையில் காவல் பணி புரிகின்றனர். எனினும் இவர்களெல்லாம் வணிகத்தாலோ பணியாலோ ஊரோடு பிணைக்கப்பட்டவர்கள். தொழில் முடிந்தபின் முதுமைக்கென்று ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டவர் அவர்களுள் காட்டப்படவில்லை. ஆகவே பணிநிறைவு பெற்ற அயலவரை விருந்தினர் என்றோ வணிகர் என்றோ வகைப்படுத்த இயலாது. அவர் குடியிருப்பாளர். குடியிருப்பாளரைக் காணும் பார்வையை உறுதிசெய்வன வாடகை, கூலி, உரிமை, நாட்பட்ட பழக்கம் ஆகியவையே.

கதைக்களம்

கர்னல் டஸ்கர் ஸ்மாலியும் அவர் மனைவி லூசியும் 1947க்குப் பின் தாயகம் திரும்பாதவர்கள். டஸ்கர் சிறிது காலம் படையிலும் பின்னர்ப் பம்பாயில் வணிக நிறுவனம் ஒன்றிலும் பணியாற்றிவிட்டு, பாங்கோட் என்னும் கற்பனை மலைநகரில் ஓய்வு கொள்கிறார். ஓய்வூதியம் இங்கிலாந்தைவிட இந்தியாவில் கூடுதலாகச் செல்லும் என்பது அவர் கணக்கு. ஸ்மித்ஸ் ஹோட்டலைச் சார்ந்த ‘லாட்ஜ்’ என்னும் சிறு வீட்டில் அவர்கள் வாடகைக்கு இருக்கின்றனர். அருகில் ஐந்து மாடிகளுடன் ஷிராஸ் என்னும் புதிய ஹோட்டல் எழுந்துள்ளது. ஸ்காட்டின் ‘ராஜ் குவார்டெட்’ (1966-1975) வரிசையில் ஓரத்தில் வந்துபோகும் இவ்விணையர் இங்கு மையத்திற்கு வருகின்றனர். 1972 ஏப்ரல் மாத இறுதித் திங்களன்று டஸ்கர் மாரடைப்பால் இறந்த செய்தியுடன் புதினம் தொடங்குகிறது. லாட்ஜின் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்னும் கடிதமே அம்மாரடைப்பிற்குத் தூண்டுதல். அந்நேரத்தில் லூசி ஷிராஸ் ஹோட்டலின் ஒப்பனை அறையில் தலைமுடி திருத்திக்கொண்டிருக்கிறார். தம் வீட்டை விழுங்கவிருக்கும் புதுமையின் வாடிக்கையாளராகவும் அவர் இருப்பது நோக்கத்தக்கது.

நால்வகைப் பார்வை

உள்ளூரார் என்னும் ஒற்றைத் தொகுதியைப் ஸ்காட் படைக்கவில்லை. ஸ்மாலி இணையரைக் காணும் கண்கள் குறைந்தது நான்கு வகைப்படும்.

முதலாவது, உரிமையாளரின் பார்வை. ஹோட்டலின் உரிமை லீலா பூலாபாய் என்னும் பெண்மணியிடம் உள்ளது. அவருக்கு ஸ்மாலி இணையர் பழைய ஆட்சியின் எச்சமும் அல்லர். இரங்கத்தக்க முதியோரும் அல்லர். விலைபோகக்கூடிய மனையில் குறைந்த வருவாய் தந்துகொண்டிருக்கும் வாடகையாளர்கள். இப்பார்வையில் வெறுப்பு இல்லை, கணக்கு உண்டு. அயலவர் என்பதற்காக அவர் வெளியேற்றப்படவில்லை என்பதும், அயலவர் என்பதற்காகக் காக்கப்படவும் இல்லை என்பதும் ஒருங்கே எண்ணத்தக்கவை.

இரண்டாவது, மேலாளரின் பார்வை. லீலாவின் கணவர் பிரான்சிஸ் பூலாபாய் ஹோட்டல் மேலாளர்; கிறித்தவர்; ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பாளர். டஸ்கருடன் சேர்ந்து குடித்து உரையாடும் நண்பரும் ஆவார். வெளியேற்றக் கடிதத்தை மனைவியின் ஆணைப்படி எழுதவேண்டிய கடமையும் அவர்மேல் விழுகிறது. நட்பும் ஊழியமும் ஒரே கையில் மோதும் இவ்விடம் புதினத்தின் உயிர்நிலை எனலாம். அவர் கடிதத்தை எழுத மறுக்கவில்லை. எழுதியபின் அமைதி கொள்ளவும் இல்லை. உள்ளூராரின் அன்பு உண்மையானது, ஆயினும் அது சொத்தின்மீது அதிகாரம் அற்றது என்பதை இப்பாத்திரம் உணர்த்துகிறது.

மூன்றாவது, பணியாளரின் பார்வை. இப்ராகிம் ஸ்மாலி வீட்டில் நெடுங்காலம் பணிபுரிபவர். கணவர் வேலையைவிட்டு நீக்குவதும் மனைவி மீண்டும் சேர்ப்பதும், மனைவி நீக்குவதும் கணவர் சேர்ப்பதும் அவ்வீட்டின் வழக்கம். இந்த நாடகத்தின் இலக்கணத்தை முற்றும் அறிந்தவர் இப்ராகிம் ஒருவரே. இலண்டனில் உறவினர் வீட்டில் தங்கி வந்தவர் என்பதால் முதலாளிகளின் தாயகத்தை அவர்களைவிட அண்மையில் கண்டவரும் அவரே. இங்கிலாந்து டஸ்கருக்கு நினைவு, லூசிக்கு ஏக்கம், இப்ராகிமுக்கு நேரில் கண்ட ஓர் ஊர். அவர் பார்வையில் பணிவும் எள்ளலும் பரிவும் கலந்தே உள்ளன.

தோட்டக்காரன் பற்றிய நிகழ்ச்சி இவ்வகையில் விரிவாக நோக்கத்தக்கது. லாட்ஜின் புல்வெளியைப் பராமரிப்பதை ஹோட்டல் நிறுத்திவிடுகிறது. தம் உரிமை பறிக்கப்பட்டதாகக் கருதி டஸ்கர் மனம் குமைகிறார். லூசியும் இப்ராகிமும் பூலாபாயும் கூடிப்பேசி ஜோசப் என்னும் இளைஞனைத் தோட்டவேலைக்கு அமர்த்துகின்றனர். கூலியை லூசி மறைவாகத் தருகிறார். ஹோட்டலே ஆளை அனுப்பியிருப்பதாக டஸ்கர் எண்ணிக்கொள்கிறார். முதிர்ந்த அயலவர் ஒருவரின் தன்மதிப்பைக் காப்பதற்காக உள்ளூரார் ஒரு பொய்யைக் கூட்டாகத் தாங்கிநிற்கின்றனர். இதனை விருந்தோம்பல் என்பதைவிட அண்டைமை என்பதே பொருந்தும். வீட்டாரின் இயல்பறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் நாட்பட்ட பழக்கத்திலிருந்தே அது பிறந்துள்ளது. அப்பொய்யிலும் கூலி கொடுபட்டாக வேண்டும் என்பதைப் ஸ்காட் மறக்கவில்லை.

நான்காவது, புதிய மேட்டுக்குடியின் பார்வை. கர்னல் மெனெக்டாராவும் அவர் மனைவி கூக்கூவும் பாங்கோட்டின் படைசார் சமூகத்தில் இன்று முதலிடத்தில் இருப்பவர்கள். முன்பு வெள்ளையர் இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கின்றனர். ஸ்மாலி இணையரை விருந்துக்கு அழைக்கின்றனர்; மரியாதையில் குறைவைப்பதில்லை. ஆனால் அழைப்பது யார், அழைப்பிற்குக் காத்திருப்பது யார் என்பது தலைகீழாகிவிட்டது. இங்கு விருந்தே படிநிலையை உணர்த்தும் கருவியாகிறது. விருந்தோம்பல் எப்போதும் சமத்துவத்தின் அடையாளம் அன்று என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இந்நால்வகைக்குள் அடங்காதவர் சூசி வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண். லூசியின் தலைமுடியைத் திருத்துபவர் அவரே. ஊரிலேயே பிறந்தும் முழுமையாக ஊராராக எண்ணப்படாதவர். ஆங்கிலேயக் குருதி இருந்தும் ஆங்கிலேயராக ஏற்கப்படாதவர். தங்கிவிடுவது என்பது லூசிக்குக் கணவர் செய்த முடிவு; சூசிக்கோ வேறு வழியின்மை. இவ்விருவரையும் ஒரே அறையில் அமர்த்தியிருப்பதன் மூலம், தங்குதல் என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனை வேறுபாடுகள் உள என்பதைப் புதினம் உணர்த்துகிறது.

புதினத்தின் எல்லை

இத்துணை நுட்பம் வாய்ந்த புதினத்திலும் ஒரு சாய்வு உண்டு. லீலா பூலாபாய் மிகுந்த உடற்பருமனும் தீராப் பேராசையும் உடையவராக, நகைப்பிற்குரிய முறையில் வரையப்பட்டுள்ளார். ஒப்பந்தக்காலம் முடிந்தபின் தம் சொத்தை விற்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி உண்டு. ஆயினும் அவ்வுரிமையைப் பயன்படுத்துவது கொடுமையாகவே வாசகரை வந்தடைகிறது. பூலாபாய், இப்ராகிம் ஆகியோரின் உள்ளத்திற்குள் புகும் ஆசிரியர் லீலாவின் உள்ளத்திற்குள் அந்த அளவு புகவில்லை. அயலவர்மீது பரிவுடைய உள்ளூரார் முழுமனிதராகவும், பரிவற்றவர் கேலிச்சித்திரமாகவும் அமைவது தற்செயலானதன்று. வந்தவரை நேசிப்பதே உள்ளூராரை அளக்கும் அளவுகோலாக இங்கும் எஞ்சிவிடுகிறது. டஸ்கரை இழந்து தனித்துவிடப்பட்ட லூசி, தம்மை இங்கு விட்டுவிட்டு அவர் மட்டும் வீடு திரும்பலாமா என உள்ளத்துள் கேட்கும் இறுதிப் பகுதி வாசகரை முற்றிலும் லூசியின் பக்கம் நிறுத்திவிடுகிறது.

மேரிகோல்டு: மீளும் படிநிலை

மோகாக்கின் புதினத்தில் நிலைமை வேறு. இலண்டன் மருத்துவர் ரவி கபூரும் அவர் உறவினர் சன்னியும் ஆங்கிலேய முதியோரைப் பெங்களூருக்கு வரவழைத்துப் பேணும் தொழிலைத் தொடங்குகின்றனர். ஸ்மாலி இணையர் பேரரசு விட்டுச்சென்ற எச்சம். இவர்களோ உலகமயச் சந்தை கொண்டுவந்தவர்கள். அயல்நாட்டுப் பணிகள் பெங்களூருக்கு மாற்றப்படுவதுபோல முதுமைப் பராமரிப்பும் மாற்றப்படுகிறது. உள்ளூர்க் கூலி குறைவு என்பதே இத்தொழிலின் முதல். இந்த எள்ளல் புதினத்தில் தெளிவாக உள்ளது.

ஜான் மேடன் இயக்கிய திரைப்படம் களத்தை ஜெய்ப்பூருக்கு மாற்றுகிறது. இம்மாற்றம் வெறும் இடமாற்றம் அன்று. பெங்களூர் கூலியையும் தொழிலையும் நினைவூட்டும் நகரம். ஜெய்ப்பூர் அரண்மனைகளை நினைவூட்டும் நகரம். அழைப்பு மையம் படத்திலும் இடம்பெறுகிறது. ஆயினும் சிதைந்த மாளிகையின் அழகு அதனைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. உள்ளூராரின் சிக்கல்கள் வந்தவர்களால் தீர்வதும் கவனிக்கத்தக்கது. ஈவ்லின் அழைப்பு மைய இளைஞர்களுக்குப் பேசக் கற்றுத்தருகிறார். மூரியல் கணக்குகளை ஆராய்ந்து, மூடப்படவிருந்த ஹோட்டலைக் காக்கிறார். தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பணிப்பெண் தம்மை ஒரு பொருட்டாகக் கருதியமைக்காக மூரியலைத் தம் இல்லத்திற்கு அழைக்கிறார். சாதியால் விளைந்த புறக்கணிப்பு அயலவர் ஒருவரின் சிறு பரிவைப் பெரிதாக்கிக் காட்டும் பின்னணியாகச் சுருங்குகிறது. அப்பெண் மூரியலைப் பற்றி நன்றிக்கு அப்பால் என்ன எண்ணினார் என்பதைப் படம் கேட்பதில்லை.

விதிவிலக்காக அமைவது கிரஹாமின் கதை. இளமையில் இந்தியாவில் தாம் காதலித்த மனோஜின் வாழ்வைத் தாம் கெடுத்துவிட்டதாக அவர் நெடுங்காலம் எண்ணியிருக்கிறார். தேடிக் கண்டபோது மனோஜ் நிறைவான வாழ்வு வாழ்ந்திருப்பது தெரிகிறது. வந்தவரின் குற்றவுணர்வைச் சாராமல் உள்ளூரார் வாழ்வு தன்போக்கில் நடந்திருக்கிறது என்று படம் ஒப்புக்கொள்ளும் இடம் இதுவே. ஆனால் மனோஜ் தம் வாழ்வைத் தம் சொற்களில் விரித்துரைக்கும் வாய்ப்பு இங்கும் மிகக் குறைவு.

ஸ்காட்டின் உள்ளூரார் வெளியேற்றும் அதிகாரம் உடையவர்கள். ஆகவே அவர்கள் காட்டும் அன்பிற்கு மதிப்பு உண்டு. திரைப்படத்தின் உள்ளூரார் வரவேற்க மட்டுமே வல்லவர்கள். ஆகவே அவர்கள் வரவேற்பு ஊழியத்திலிருந்து பிரித்தறிய இயலாததாகிவிடுகிறது. பேரரசின் வீழ்ச்சியை எழுதிய 1977ஆம் ஆண்டுப் புதினத்தைவிட, நட்பைக் கொண்டாடும் 2011ஆம் ஆண்டுத் திரைப்படம் பழைய படிநிலைக்கு நெருக்கமாக நிற்பது இதனால் புலனாகிறது.

முடிவுரை

பணிநிறைவு பெற்ற அயலவரை உள்ளூரார் வரவேற்கின்றனரா, வெறுக்கின்றனரா என்னும் வினாவே குறையுடையது என்பது மேற்கண்ட ஆய்வால் தெளிவாகிறது. மனையின் உரிமை யாரிடம், கூலி யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கிறது, அழைக்கும் தகுதி யாருக்கு உள்ளது என்பவற்றைப் பொறுத்தே பார்வை அமைகிறது. ஒரே முதியவர் உரிமையாளருக்கு வாடகையாளர், மேலாளருக்கு நண்பர், பணியாளருக்கு முதலாளி, மேட்டுக்குடிக்கு அழைக்கப்படவேண்டிய பழம்பெயர்.

இத்தகைய படைப்புகளை விருந்தோம்பல் என்னும் பெருமிதச் சொல்லால் அளக்கும் ஒப்பாய்வு, உள்ளூராரைப் புகழ்வதுபோல் தோன்றினும் அவர்களின் கணக்கையும் களைப்பையும் உரிமையையும் மறைத்துவிடுகிறது. 1947க்குப் பின் நீலகிரியிலும் ஆங்கிலேயர் சிலர் தங்கிவிட்டனர். அவர்களுக்குச் சமைத்தவர்களும் தோட்டம் பேணியவர்களும் வீடு வாடகைக்கு விட்டவர்களும் பல மொழியினர். தமிழரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் பார்வையைத் தமிழ்ப் புனைகதைகளிலும் தன்வரலாறுகளிலும் வாய்மொழி வழக்காறுகளிலும் தேடித் தொகுப்பது ஆய்வாளர் கடமையாகும். இப்ராகிமின் பார்வையைப் ஸ்காட் ஓர் ஆங்கிலேயராக நின்று கற்பனை செய்தார். இப்ராகிம்கள் தாமே சொன்னவை கிடைக்குமாயின், அக்கற்பனை எத்துணை தூரம் உண்மையைத் தொட்டது என்பதை அப்போதுதான் மதிப்பிட இயலும்.