ஐந்து மைல் எல்லையும் அரியலூர்ச் சுண்ணாம்பும்

சிமெண்டு ஆலைகள் நிறைந்த அரியலூர்ப் பகுதியில் இருந்துகொண்டு லாரி பேக்கரைப் பற்றி எழுதுவது முரணாகத் தோன்றலாம். சிமெண்டைக் குறைத்துக் கட்டுவதைத் தம் தொழில்நெறியாகக் கொண்டவர் அவர். எனினும் அவரது கொள்கையை உரசிப் பார்க்க இதைவிடப் பொருத்தமான மண் வேறில்லை என்பதே நம் கருத்து.

1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த பேக்கர், அந்நகரிலேயே கட்டடக்கலை பயின்றார். இரண்டாம் உலகப்போரின்போது சீனத்தில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டுத் தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். சிற்றூரில் எழும் வீட்டுக்கான பொருள்கள் யாவும் ஐந்து மைல் சுற்றளவில் கிடைப்பவையாக இருத்தல் வேண்டும் என்ற அடிகளின் கருத்தே பிற்காலத்தில் அவரது வழிகாட்டியாயிற்று. 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தார். இமயமலைச் சாரலில் பித்தோராகட் மக்கள் கல்லும் மண்ணும் கொண்டு கட்டுவதைக் கண்டபோது, தாம் கற்ற கல்வி அங்கே போதாது என உணர்ந்தார். பட்டம் பெற்ற ஒருவர் எழுத்தறியாக் கொத்தனாரிடம் மாணவராக அமர்ந்ததே அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம்.

திருவனந்தபுரத்தில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையம் அக்கல்வியின் கனி. பூச்சற்ற செங்கற்சுவர், செங்கற்களை விளிம்பில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டு, ஏறத்தாழக் கால் பங்கு கல்லை மிச்சப்படுத்தும் எலிப்பொறிக் கட்டு, ஓடுகளைப் பதித்துக் காங்கிரீட்டைக் குறைத்த கூரை, காற்றையும் ஒளியையும் வடிகட்டித் தரும் ஜாலிச் சுவர். முகலாயர் பளிங்கில் இழைத்த ஜாலியை அவர் சாதாரணச் செங்கல்லில் எளியோர்க்கும் உரியதாக்கினார்.

இனி வினாவுக்கு வருவோம். அரியலூரில் சிமெண்டே ஐந்து மைலுக்குள் கிடைக்கிறதே! அப்படியாயின் இங்கு சிமெண்டு தகுமா? எல்லைக்கோட்டை மட்டும் அளந்தால் தகும் என்றே விடை வரும். ஆனால் கொள்கையின் உள்ளுறை தொலைவன்று. செலவாகும் எரிபொருளும், உழைப்பவர் கைக்குச் சேரும் கூலியுமே. ஒரே சுண்ணாம்புக்கல்லைக் காரைக்காக நீற்ற ஏறத்தாழ 900 பாகை வெப்பம் போதும். சிமெண்டாக்க 1450 பாகை வேண்டும். சிமெண்டு வருமுன் நம் முன்னோர் பள்ளிவாசல்களை எழுப்பியது அச்சுண்ணாம்புக் காரையால்தான்.

பேக்கரிடம் குறையும் உண்டு. பூசாத சுவரை வசதி படைத்தோர் அழகு என்றனர். ஏழையோ அதில் முடிவுறாத வீட்டைக் கண்டான். எகிப்தின் ஹசன் ஃபத்ஹி புதிய குர்னாவில் மண்ணால் கட்டிய வீடுகளுக்குக் குடிபெயர அவ்வூரார் மறுத்ததும் நினைவுக்கு வருகிறது. எளிமை பிறரால் விதிக்கப்படும்போது சுமையாகிறது. தானே தேர்ந்துகொள்ளும்போதுதான் அறமாகிறது.

எனவே அதை முதலில் தேர வேண்டியவர்கள் இயன்றவர்களே. லெப்பைக்குடிக்காடு முதலான நம் ஊர்களில் புதுப்பள்ளிக்குத் திட்டமிடும் ஜமாஅத்தார், மினாராவின் உயரத்தைப் பேசுமுன் சுவரின் காற்றோட்டத்தைப் பேசுவார்களாக. இஸ்ராஃப் எனும் வீண்விரயம் உணவுத்தட்டில் மட்டுமன்று, காங்கிரீட் கலவையிலும் உண்டு. 2007இல் மறைந்த அந்த ஆங்கிலேயர் தம் கட்டடங்களால் நமக்கு நினைவூட்டுவது இதையே.