உப்பு வைத்த கொம்பு

கொம்புக்குள் கொஞ்சம் உப்புச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? பௌத்த சங்கத்தின் முதல் பெரிய வழக்கு இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. புத்தர் மறைந்து நூறு ஆண்டு கழிந்திருந்தது என்கிறது மரபு. வைசாலியில் வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் பத்துச் சலுகைகளை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். உப்பில்லாச் சோறு கிடைக்கும் நாளுக்கென்று கொம்பில் உப்பு வைத்திருப்பது ஒன்று. உச்சி கடந்து நிழல் இரண்டு விரற்கடை சாயும்வரை உண்பது, இன்னும் புளிக்காத கள்ளைக் குடிப்பது, கரை வைக்காத இருக்கை விரிப்பைப் பயன்படுத்துவது என்று பட்டியல் நீள்கிறது. கடைசியாகத்தான் பெரிய சரக்கு வருகிறது: பொன்னும் வெள்ளியும் வாங்குவது. யசர் என்ற பிக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது, உவா நாளில் வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பிச் சபை நடுவே வைத்து, வந்த இல்லறத்தாரிடம் காசு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் ஒரு பங்கு நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. எழுநூறு பிக்குகள் கூடிச் சலுகைகள் செல்லாதென்று தீர்த்தார்கள்.

பண்டைய பேரரசுகளும் சமயங்களும் என்று இம்மலருக்குத் தலைப்பு வந்தபோது எனக்கு அசோகரின் தூணோ கனிஷ்கரின் பொற்காசோ முதலில் நினைவுக்கு வரவில்லை. இந்த உப்புக் கொம்புதான் வந்தது.

தமிழில் படித்தவர்களுக்குப் பௌத்தப் பிரிவுகள் என்றால் நான்கு. சிவஞான சித்தியார் பரபக்கம் அந்த நால்வரையும் வரிசையாக நிறுத்தி மறுக்கிறது: சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன். வாதத்துக்கு அந்த வரிசை வசதியானது. ஆனால் குசானர் காலத்து மதுரா விகாரையில் ஒரு பிக்குவை நிறுத்தி, நீங்கள் எந்தப் பிரிவு என்று கேட்டிருந்தால், பொருள் உண்டா இல்லையா என்ற தத்துவத்தை அவர் விடையாகச் சொல்லியிருக்க மாட்டார். எந்த விநயத்தின்படி, அதாவது எந்தத் துறவு விதித்தொகுப்பின்படி, துறவு ஏற்றேன் என்றுதான் சொல்லியிருப்பார். நிகாயம் என்றது அதைத்தான். நிகாயங்கள் பதினெட்டு என்பார்கள். அது நம் பதினெண் சித்தர் கணக்கைப் போன்றது. பட்டியலுக்குப் பட்டியல் பெயர் மாறும், எண் மட்டும் மாறாது.

விநயத்தின் சாரம் பாதிமோக்கம். மாதம் இருமுறை, உவா நாள்களில், பிக்குகள் கூடி விதிகளை ஒன்றுவிடாமல் ஓதுவார்கள். தேரவாதப் பிக்குவுக்கு 227 விதி. தர்மகுப்தகருக்கு 250. மகாசாங்கிகருக்கு 218. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சங்கத்தை விட்டே நீக்கும் பெருங்குற்றம் எல்லாருக்கும் நான்கு. அடுத்த நிலைக் குற்றம் எல்லாருக்கும் பதின்மூன்று. உடை, பாத்திரம், காசு பற்றிய முப்பதிலும் எண் மாறவில்லை. வேறுபாட்டில் பெரும்பகுதி ஒழுங்குப் பயிற்சிகளில் கிடக்கிறது: உடையை எப்படி உடுத்துவது, வாயில் சோற்றோடு பேசாதிருப்பது, சப்புக் கொட்டாமல் உண்பது. இவை தேரவாதத்தில் 75, மகாசாங்கிகத்தில் 66. தர்மகுப்தகர் 100 வைத்திருக்கிறார்கள். அதில் 26 தூபியைப் பற்றியவை. தூபிக்குள் தோல் செருப்போடு போகாதே, தூபியை நோக்கிக் கால் நீட்டாதே என்கிற வகை. நாடு வேறு, மொழி வேறு, நூற்றாண்டுகள் வேறு. ஆனாலும் பெரிய குற்றங்களில் ஓர் எண்கூட நகரவில்லை. எழுத்தில் இல்லாமல் வாய்வழியே வந்த நூலுக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிளவு என்பதற்கும் இலக்கணம் உண்டு. சங்கம் கூடும் இடத்துக்கு எல்லை வகுப்பார்கள். அதன் பெயர் சீமா; நாம் சீமை என்று வைத்திருக்கும் சொல்தான். அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாப் பிக்குகளும் சேர்ந்தே ஓத வேண்டும். ஒரே சீமைக்குள் இரண்டு கூட்டம் தனித்தனியே ஓதினால் அதுதான் சங்கபேதம். பக்கத்துக்கு நால்வரும், பிளவைத் தொடங்கிவைக்கும் ஒருவருமாக ஒன்பது பேர் இல்லாமல் பிளவே நடக்காது. அதற்குக் குறைந்தால் அது வெறும் மனத்தாங்கல். கொள்கையில் கருத்து மாறுபட்டதற்காக மட்டும் யாரும் சங்கத்தைப் பிளந்தவர் ஆவதில்லை. மகாயானம் தனிச் சங்கமாக இல்லாமல் பழைய நிகாயங்களுக்குள்ளேயே வளர முடிந்த காரணம் இதில் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வந்த யிஜிங் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்: போதிசத்துவரை வணங்கி மகாயான சூத்திரம் படிப்பவர் மகாயானி, மற்றவர் ஈனயானி, விநயம் இருவருக்கும் ஒன்றே.

அரசர்களுக்கு இந்த நுணுக்கத்தில் பொறுமை குறைவு. பன்னிரண்டாம் பாறைக் கட்டளையில், தன் சமயத்தைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழாமல் நாவை அடக்கு என்று எல்லாச் சமயத்தாருக்கும் சொன்ன அசோகர், சங்கத்துக்குள் வந்தபோது குரலை மாற்றிக்கொண்டார். சங்கத்தைப் பிளக்கும் பிக்குவோ பிக்குணியோ வெள்ளுடை உடுத்தப்பட்டு விகாரைக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்று சாரநாத், சாஞ்சி, கோசாம்பித் தூண்களில் வெட்டுவித்தார். வெள்ளுடை இல்லறத்தான் உடை. பிளவுபடுத்துகிறவர் துறவியே அல்ல என்று அரசு தீர்ப்பு எழுதுகிறது. பைராட் கல்வெட்டில் எல்லாரும் அடிக்கடி கேட்க வேண்டிய ஏழு நூல்களின் பெயரையும் அவரே பட்டியலிட்டார்.

கட்டளை என்ன ஆயிற்று என்பதை அந்தச் சாரநாத் தூணே சொல்கிறது. சில நூற்றாண்டுக்குப் பிறகு அதே கல்லில் இன்னொரு கை வந்து, இது சம்மிதீயப் பிரிவு ஆசிரியர்களின் உடைமை என்று வெட்டிவிட்டுப் போயிருக்கிறது. பேரரசர் பிளக்காதே என்று எழுதிய கல்லில் ஒரு பிரிவு தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. சம்மிதீயர் சாமானியர்களும் அல்லர். ஆன்மா இல்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, ‘ஆள்’ என்று ஏதோ ஒன்று உண்டு, அது உடலும் உள்ளமுமான கூறுகளும் அன்று, அவற்றுக்கு வேறும் அன்று என்று வாதிட்டவர்கள். மற்ற எல்லாப் பிரிவும் அவர்களை வைதது. ஆனாலும் யாரும் அவர்களைப் பௌத்தர் அல்லர் என்று வெளியே தள்ளவில்லை. விநயம் சரியாக இருந்ததே!

குசானர் வேறு வகை. கனிஷ்கரின் காசுகளில் கிரேக்க ஹீலியோசும் ஈரானிய மித்ரனும் நானா தேவியும் இந்தியச் சிவனை ஒத்த ஓஏஷோவும் புத்தரும் இடம்பெறுகிறார்கள். எல்லாருக்கும் இடம் கொடுத்தவர் என்று சொல்லலாம்; யார் கேட்டாலும் கொடுத்தவர் என்றும் சொல்லலாம். நிகாயங்களுக்கு அது பொற்காலம். பெசாவருக்கு அருகே ஷாஜி கி தேரியில் 1909இல் கிடைத்த பேழையின் எழுத்து, சர்வாஸ்திவாத ஆசிரியர்களுக்கென்றே ஈந்த கொடை என்கிறது. குசானருக்குச் சற்று முந்தைய மதுராச் சிங்கத் தலையின் கல்வெட்டோ இன்னும் சுவையானது. அதில் வரும் சர்வாஸ்திவாதி புத்திலர், மகாசாங்கிகருக்குப் பிரமாணத்தை உணர்த்த வல்லவர் என்று போற்றப்படுகிறார். போட்டிப் பள்ளியைக் கல்லிலேயே குத்திக்காட்டும் துணிச்சல்! பேழையை அடுத்து மட்பானைகள். 1994இல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்த காந்தாரி மரப்பட்டைச் சுருள்கள் கரோஷ்டி எழுத்தில் 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கூடவே வந்த பானைகளில் ஒன்றின் எழுத்து தர்மகுப்தகரைக் குறிக்கிறது.

கிருஷ்ணைக் கரையில் நாகார்ஜுனகொண்டா. இக்குவாகு அரசர்களில் மூத்தவர் சாந்தமூலர் அசுவமேதம் செய்த வைதிகர். அவர் குடும்பத்துப் பெண்களோ அபரமகாவினசேலியர், பகுசுருதீயர், மகீசாசகர் என்று பிரிவு பார்த்து விகாரை எழுப்பினார்கள். இலங்கைப் பிக்குகளுக்கென்று சிங்கள விகாரையும் அங்கே இருந்தது. வீட்டு ஆண்களின் யாகமும் பெண்களின் தூபியும் ஒரே கருவூலத்துச் செலவு. இப்போது அந்த ஊரின் பெரும்பகுதி நாகார்ஜுனசாகர் அணை நீருக்கடியில் இருக்கிறது.

விநயம் என்ற அளவுகோல் யாருக்கு வேண்டியிருந்ததென்றால், அது இல்லாதவர்களுக்கு. சீனாவில் சூத்திரங்கள் குவிந்தன, விநயம் முழுமையாக இல்லை. அதைத் தேடி 399இல் சாங்கானிலிருந்து புறப்பட்ட ஃபாசியன் அறுபது வயதைத் தொட்டவர். வட இந்தியாவில் ஆசிரியர்கள் வாய்மொழியாகவே வைத்திருந்தார்கள், படியெடுக்க ஏடில்லை. பாடலிபுத்திரத்தில் மகாசாங்கிக விநயம் கிடைத்தது. இலங்கையில் இரண்டு ஆண்டு தங்கி மகீசாசக விநயத்தையும் பெற்றார். இதற்கிடையே சாங்கானில், பிற்காலச் சின் அரசர் யாவ் சிங் முன்னால் புத்தயசர் என்ற பிக்கு தர்மகுப்தக விநயத்தை நினைவிலிருந்தே ஓதுகிறேன் என்று நின்றார். அரசருக்கு நம்பிக்கை வரவில்லை. குடிக்கணக்கு ஏடுகளையும் மருந்துக் குறிப்புகளையும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். சில நாளில் அவர் ஓதிக் காட்ட, ஏட்டை வைத்து ஒப்பிட்டார்கள்; எழுத்துப் பிசகவில்லை. சமய நூலுக்குக் குடிக்கணக்கை உரைகல்லாக்கிய அந்த அரசரை எனக்குப் பிடித்திருக்கிறது. 404 தொடங்கி இருபது ஆண்டுக்குள் நான்கு நிகாயங்களின் விநயம் சீன மொழியில் வந்துவிட்டது. நான்கும் சிலகாலம் போட்டியிட்டன. டாங் காலத்தில் தர்மகுப்தகமே நிலைத்தது.

இலங்கையில் பிரிவின் கதை விகாரையின் கதை: மகாவிகாரை, அபயகிரி, ஜேதவனம். மகாசேனன் காலத்தில் சோழநாட்டிலிருந்து போன சங்கமித்தர் அரசனை அபயகிரிப் பக்கம் சாய்த்து மகாவிகாரையையே இடிக்க வைத்தார் என்று மகாவம்சம் சினந்து எழுதுகிறது. எழுதியவர்கள் மகாவிகாரையார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். நம் பக்கத்திலிருந்து போனவர் எல்லாரும் அப்படி அல்லர். உறையூரில் பிறந்த புத்ததத்தர் மகாவிகாரைப் பக்கத்தவர். விதிக்கடலைச் செய்யுளாகச் சுருக்கி, சோழநாட்டுப் பூதமங்கலத்தில் இருந்து ‘விநயவினிச்சயம்’ எழுதினார். மணிமேகலை வஞ்சியில் சமயவாதம் கேட்ட கதையைப் படிக்கும் நாம், காவிரி நாட்டில் ஒருவர் பிக்குகளின் குற்றப்பட்டியலுக்கு யாப்புக் கட்டிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டோம்.

பிக்குணிகள் கதையில்தான் அளவுகோல் இன்றும் அளக்கிறது. 429இலும் 433இலும் நந்தி என்ற கப்பல்காரரின் கலத்தில் இலங்கைப் பிக்குணிகள் சீனத் தலைநகருக்குப் போனார்கள். இருபாலார் சங்கமும் கூடித் துறவளிக்க வேண்டும் என்ற விதி அங்கே முதன்முறை நிறைவேறி, முந்நூறுக்கு மேற்பட்ட சீனப் பெண்கள் பிக்குணிகள் ஆனார்கள். 11ஆம் நூற்றாண்டில் சோழப் படையெடுப்புக்குப் பிறகு இலங்கையில் பிக்குணி மரபு அறுந்தது. சீனாவில் தொடர்ந்தது, ஆனால் 348 விதி கொண்ட தர்மகுப்தகப் பாதிமோக்கத்தின்படி. தேரவாதப் பிக்குணிக்கு 311.

1998இல் புத்தகயையில் தைவான் பிக்குணிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் துறவேற்றார்கள். தேரர்கள் பலர் கேட்டார்கள்: நம் வித்து அங்கே போய் முளைத்ததுதான், ஆனால் ஓதப்படுவது யார் விநயம்? அந்தப் பெண்கள் வாதிட்டுக்கொண்டிருக்கவில்லை. அங்கிருந்து சாரநாத் போனார்கள். அசோகர் தூண் நிற்கும் அந்த ஊரில், தேரவாதப் பிக்குகள் முன்னால் உட்கார்ந்து, மறுபடி ஒருமுறை துறவேற்றார்கள்.