கிராஸ் நகரின் மலர்க்கொழுப்பு

தெற்குப் பிரான்சில், கான் நகருக்கு வடக்கே குன்றின்மேல் அமைந்த கிராஸ், தோல் பதனிடும் ஊராக இருந்து, 16ஆம் நூற்றாண்டில் தோல் கையுறைகளுக்கு மணமூட்டத் தொடங்கியதன் வழியாகவே வாசனைத் தொழிலுக்கு வந்து சேர்ந்தது. அங்கு வளர்ந்த கலைகளுள் மிக நுட்பமானது ‘ஆன்ஃப்ளூராஜ்’ எனப்படும் குளிர்முறையாகும். தமிழர் பிச்சி என அழைக்கும் அதே இன மல்லிகை பறித்த பின்னும் மணம் உமிழ்ந்துகொண்டிருப்பதாலும், வெப்பம் அம்மணத்தைச் சிதைத்துவிடுவதாலும், மரச்சட்டமிட்ட கண்ணாடியில் தூய விலங்குக் கொழுப்பைப் பூசி, விடியலில் கொய்த பூக்களை அதன்மேல் பரப்பி, வாடியவற்றைக் கையால் களைந்து புதியன இட்டு, கொழுப்பு இனி மணமேற்க இயலாத நிலை வரும்வரை வாரக்கணக்கில் தொடர்ந்தனர். ‘பொமாட்’ எனப்படும் அந்த மணக்கொழுப்பைச் சாராயத்தில் அலசி, பின் சாராயத்தை ஆவியாக்க, மலரின் சாரம் எஞ்சியது. கரைப்பான் கொண்டு விரைவாகப் பிரிக்கும் முறை இதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டாலும், ஒரு பூவின் இயல்புக்கு மனிதக் கை இத்தனை பொறுமையாக இணங்கிய தொழில்நுட்பம் அரிது. இவ்வட்டாரத்தின் வாசனைக் கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுச் செல்வமாக ஏற்றது முற்றிலும் தகும்.