எந்தக் காகிதத்துக்கு வைத்தியம்?

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005இல் திறந்தது. அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாச பண்டிதர் பெயர். விடியக்காலையிலேயே சீட்டு வாங்க வரிசையில் நிற்கிற சனங்களிடம் கேட்டுப் பாருங்கள், "யாரோ பெரிய வைத்தியரு போல" என்பார்கள். வைத்தியர்தான். கூடவே, 1907 ஜூன் 19ஆம் தேதி 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, 1914இல் சாகிறவரைக்கும் நடத்தியவர். மனுசருக்கு வைத்தியம் நடக்கிற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. அவர் அச்சடித்த காகிதத்துக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள்?

காகிதத்துக்கு வைத்தியமா என்று சிரிக்க வேண்டாம். அதற்கென்று ஒரு படிப்பே இருக்கிறது. அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் உள்ள பழம்பொருள்களைக் கெடாமல் காக்கிற படிப்பு. பாதுகாப்பியல் என்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கு ஒரு வேதியியல் கூடம் வந்துவிட்டது. மண்ணுக்குள் கிடந்து வெளியே வந்த செப்புத் திருமேனிகளுக்கு ஒரு நோய் உண்டு. உப்பு ஏறி, பச்சைப் பொடியாகக் கொட்டி, உடம்பையே அரித்துவிடும். மின்சாரம் செலுத்தி அந்த உப்பை இறக்குகிற முறையை பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே கையாண்டார். பிறகு 1976இல் லக்னோவில் தேசிய ஆய்வுக்கூடம். 1989இல் டெல்லியில் தொடங்கிய தேசிய அருங்காட்சியக நிறுவனத்தில் இதற்கு முதுகலைப் பட்டம். 2003இல் சுவடிகளுக்கென்றே ஒரு தேசிய இயக்கம். சாமி சிலைக்கும் ஓலைக்கும் நாட்டில் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை.

எங்கள் வீடு முடிச்சூர்ப் பக்கம். 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி யாருக்கும் மறக்காது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கி வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் முழுகிப்போனது. ரயில்வேயில் கேங்மேன் வேலை பார்த்தவர் அவர். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு எழுதின மனுக்களின் நகல், சங்கத்து நோட்டீசுகள், சந்தா ரசீதுகள், ஒரு குரூப் போட்டோ, இதெல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. தண்ணி வடிந்ததும் ஆயா எல்லாத்தையும் மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டாள். வத்தல் காயப்போடுகிற மாதிரி. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை நான் உரித்தேன். எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது. மிஞ்சியது பதினோரு தாள்.

சில வருசம் கழித்து, தென்சென்னையில் ஒரு நூலகத்தில் குறுகிய காலப் பயிற்சிக்குப் போனேன். அங்கேதான் தெரிந்தது: நனைந்த காகிதத்தை வெயிலில் போடவே கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், மை உறிஞ்சுகிற தாளை இடையிடையே வைத்துக் காய வைக்கணும். ஒட்டிக்கொண்டதைக் கையால் உரிக்கக் கூடாது. இரண்டு நாள் ஈரமாய்க் கிடந்தாலே பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். இவ்வளவுதான். இந்த நாலு வரி தெரிந்திருந்தால் தாத்தாவின் கையெழுத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். தெரியாமல் போனது யார் தப்பு? ஆயா தப்பா?

வீட்டிலிருந்து பழைய ஆவணம் ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். ஒருவர் பாட்டனாரின் சோதிட ஓலை கொண்டுவந்தார். இன்னொருவர் கிரந்தச் சுவடி. நான் அந்தப் பதினோரு தாளைக் கொண்டுபோனேன். பயிற்சி தந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ரெக்கார்ட்ஸ்மா, ஹெரிடேஜ் இல்ல. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க, போதும்" என்றார். கெட்ட மனுசர் இல்லை. எனக்குத் தூரிகை பிடிக்கக் கத்துக்கொடுத்தவரே அவர்தான். அவர் வாயிலிருந்து வந்தது அவர் படித்த படிப்பு.

அந்தப் படிப்பைத்தான் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. 2003இல் தொடங்கின சுவடி இயக்கம் எது சுவடி என்று ஒரு வரையறை வைத்தது. கையால் எழுதியிருக்கணும், குறைந்தது 75 வருசப் பழசாய் இருக்கணும், அறிவியல், வரலாறு, அழகு இவற்றில் ஏதாவதொரு மதிப்பு இருக்கணும். அச்சடித்தது சேராது. வருவாய்க் கணக்கு மாதிரியான ஆவணமும் சேராது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துக்கே பக்கத்தில் விடாத சனங்களில் பெரும்பாலோருக்கு முதலில் திறந்த கதவு அச்சுதானே? மனுதானே? நோட்டீசுதானே? அதை வெளியே நிறுத்திவிட்டு வேதியியல் சொல்லிக்கொடுத்தால், மருந்து பொதுவாகத்தான் இருக்கும், நோயாளி மட்டும் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பார்.

ஓலை இருந்த வீடுகளும் நமக்கு இருந்தன. தன் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தார், வீட்டில் இருந்த குறள் சுவடி அவர் மூலம் எல்லிஸ் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். பெசன்ட் நகரில் உ.வே.சா. பெயரில் 1943இல் தொடங்கின நூல்நிலையம் இருக்கிறது. வேண்டியதுதான், இருக்கட்டும். சுவடி காத்த கந்தப்பன் பெயரில் ஒரு அலமாரியாவது எங்கே இருக்கிறது?

அந்தக் கூடம் சொல்லித்தந்த வேதியியலையே வைத்துப் பேசுவோம். ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டால் சில நூறு வருசம் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரவின மலிவான மரக்கூழ்க் காகிதம் அப்படி இல்லை. அதற்குள்ளேயே அமிலம் இருக்கிறது. பழுப்பேறும், மடிப்பில் ஒடியும், நூறு வருசத்தில் தூளாகும். ஒரு பைசாவுக்கு விற்றவர்கள் எந்தக் காகிதத்தை வாங்கியிருக்க முடியும்? மலிவாய்ப் பேசினவர்களின் வரலாறுதான் முதலில் உதிர்கிறது. அப்படியென்றால் முதல் வைத்தியம் அதற்குத்தானே நடந்திருக்கணும்?

நடந்தது வேறு. 'தமிழன்' இதழ்களைப் பல காலம் பத்திரமாய் வைத்திருந்தவர் அன்பு பொன்னோவியம். எந்த ஆய்வுக்கூடமும் அவருக்குப் பின்னால் இல்லை. அவர் காத்ததால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து அயோத்திதாசர் சிந்தனைகள் வெளிவந்தது. பண்டிதருக்கு இன்று மருத்துவமனை இருக்கிறது, கிண்டியில் மணிமண்டபமும் இருக்கிறது. 'சூரியோதயம்', 'பஞ்சமன்' என்று அதற்கும் முந்தின நம் இதழ்களுக்கோ பெயர்தான் மிச்சம்.

முடியாத காரியமும் இல்லை இது. தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா நூலகத்தைப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் நோட்டீசு, நாடக விளம்பரம், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, 1994இல் சென்னையில் நூலகமானது. கல்யாணப் பத்திரிகை வரலாறு ஆகுமென்றால் சுடுகாட்டுப் பாதை மனு ஆகாதா?

நம்மிடமும் தப்பு இருக்கிறது. சாதிச் சான்றிதழை லேமினேஷன் போட்டு பீரோவில் வைக்கிறோம். சாதியை எதிர்த்து அடித்த நோட்டீசைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறோம். இந்தத் தொழிலின் முதல் விதி, செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியணும் என்பது. அதனால் பழைய தாளுக்கு லேமினேஷன் வேண்டாம், செலோடேப் வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றுங்கள். தரையில் வைக்காதீர்கள், உயரத்தில் வையுங்கள். நம் பிள்ளைகளில் வேதியியல் படித்தவர்கள் இந்தப் படிப்புக்குப் போகட்டும். போய், எது பாரம்பரியம் என்று முடிவு செய்கிற மேசையில் உட்காரட்டும்.

பயிற்சி முடிந்த அன்று, பசை காய்ச்சுகிற வேலையில் இருந்த அண்ணன் ஒருத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தத் தாளக் கொண்டாம்மா" என்றார். கிழிசலில் மெல்லிய ஜப்பான் காகிதத்தை வைத்து, மாவுப்பசை தொட்டு ஒட்டிக் கொடுத்தார். அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. அந்தத் தாளில் தாத்தாவின் கையெழுத்துக்குக் கீழே இருபத்திமூன்று கைநாட்டு இருக்கிறது. மீதிப் பத்துத் தாளை நானே ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.